மூன்றாவது

ரோவனியெமியில் மதியம் இரண்டுக்கே இருட்டு.
வூக்கோ நூற்றுப் பதினேழாவது கோப்பில் இருக்கிறாள்.

அடைப்புக்குள் வெறும் பெயர்கள்.
யார் என்ன வகை என்பது
வெளியே, கீழே, அரைப்புள்ளிகளோடு,
பனி உதறிக் கழற்றிவிட்ட பூட்ஸ்கள் மாதிரி.
ஒவ்வொன்றாய் எடுத்து உள்ளே வைக்கிறாள்.
வகை சொல்லாததையெல்லாம்
முழு எண் என்றே நம்பியிருக்கிறது
எண்பத்தாறாம் வருஷம்.

மதகு திறக்கும் செயற்கூறுக்கு
முன்வரி எழுதியதும்தான்
கம்பைலர் வாய் திறந்தது:
கேட்பது இரண்டு, தருவது மூன்று.

நீர்மட்டம்.
நேரம்.
பிறகு, பனியின் ஆழம்.

ஹெய்மோ யுந்திலா என்றொருவன்
மேல்கரையில் கோல் நட்டு அளந்தது.
முப்பத்தெட்டுக் குளிர்காலமாய்
தவறாமல் வந்து நின்றிருக்கிறது,
பெற்றுக்கொள்ள உள்ளே ஒரு பெயர்கூட இல்லாமல்.
அணை உடையவில்லை. அதனால்
யாரும் கேட்கவில்லை.

அழித்தால் பிழை போய்விடும். ஒரே விசை.

காப்பி ஆறுகிறது.
பழைய ஊழியர் பட்டியலில்
ஹெய்மோவின் எண்ணைத் தேடுகிறாள்;
ஐந்து இலக்கம்தான், அந்தக் காலத்து எண்.

இரண்டாவது பெயருக்குப் பின்
ஒரு காற்புள்ளி மட்டும் போட்டுவிட்டு
கோட்டை மாட்டிக்கொள்கிறாள்.

இன்று இரவு இது கம்பைல் ஆகாது.
ஆகவும் வேண்டாம்.