கோயாங்

மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கி மூன்று வாரம்.
கிள்ளியெடுத்த புளூடேக்கை உருட்டி
அதன்மேல் அப்பிவைத்தேன்.
கண்ணுக்குத் தெரியாதது இல்லை என்று
நானும் நம்பினேன், காரும் ஓடியது.

தெம்பனிஸ் பெட்ரோல் நிலையத்து ரசீதுதான்
முதலில் வாய் திறந்தது.
நூறு கிலோமீட்டருக்குப் பதினான்கு லிட்டர்.
பின்னால் நின்ற வேன்காரர்
மூக்கைப் பொத்திக்கொண்டு
"அழுகின முட்டை, சிஸ்டர்" என்றார்.

காக்கி புக்கிட். நான்காம் மாடி.
சரிவின் ஒவ்வொரு வளைவிலும் முனகி ஏறியது
பதினான்கு வயதுச் சன்னி.
ரோஸ்லான் பானெட்டைத் தொடவில்லை.
ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒயரைச் செருகி
திரையை என் பக்கம் திருப்பினார்.
ஒரு கோடு.
எம்ஆர்டி மேடையின் மஞ்சள் கோடு மாதிரி
நேராக, ஒழுக்கமாக.

"நல்லாத்தானே இருக்கு?"
"கோயாங் இல்லை" என்றார்.
"கோயாங் இல்லாட்டி ரோசாக்."

ஆட்டம் இல்லை என்றால் பழுது.
அந்த மலாயை என் தமிழ் வாங்கிக்கொள்ள
ஒரு நொடி ஆனது.

புகைக்குழாய்க்குள் மூக்கை நீட்டி
காற்று மிச்சம், காற்று இல்லை,
மிச்சம், இல்லை என்று
மாற்றி மாற்றிச் சொல்வதுதான் அதன் உத்தியோகமாம்.
அந்தத் தடுமாற்றத்தைக் கேட்டுக் கேட்டுத்தான்
எஞ்சின் அளந்து உண்ணும்.
என்னுடையது பல மாதமாய்
ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது:
பெட்ரோல் போதாது.
போதாது போதாது என்றால்
ஊற்றுகிறவன் என்ன செய்வான், ஊற்றியிருக்கிறான்.

கழற்ற ஒரு மணி நேரம்.
துரு தின்ற மரையில் எண்ணெய் பீய்ச்சி, காத்திருந்து,
எஞ்சினைச் சூடேற்றி, மறுபடி பீய்ச்சி,
ஒயருக்கு வழிவிட்டுப் பக்கவாட்டில் பிளந்த சாக்கெட்டை மாட்டி
முழு உடம்பும் சாய ஓர் இழுப்பு.
பக்கத்துப் பட்டறைப் பூனை எழுந்து ஓடும்படி
கத்திக்கொண்டு வந்தது.

உள்ளங்கையில் வைத்தார்.
கரி படிந்த பெரிய கிராம்பு.
இவ்வளவுதானா.

"ஒரிஜினல் இருநூற்று இருபது. மற்றது எழுபது.
சிஓஇ எப்போ முடியுது?"
"ஆகஸ்டில். ஐந்து வருஷ நீட்டிப்பு,
அதற்குமேல் கிடையாது."
விரல்விட்டு எண்ணினார். ஒன்பது.
"எழுபது போதும், கா."

வியாபாரி சொல்லக்கூடாத வார்த்தை அது.
ஆகஸ்டில் இதை இரும்பாக எடை போடுவார்கள்,
சென்சர் உண்மை சொன்னதா என்று
யார் கேட்கப்போகிறார்கள்.
"ஒரிஜினல்" என்றேன்.
"பின்னால் இன்னொன்று இருக்கிறதாமே, அதுவும்."

மாட்டி முடித்தார். திரையில்
கோடு கொஞ்சம் யோசித்தது.
பிறகு எழுந்தது, விழுந்தது, எழுந்தது,
பந்தியில் உட்காரலாமா வேண்டாமா என்று
தயங்கும் விருந்தாளி போல.
நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பதினெட்டு மாதமாக ஞாயிறுதோறும்
பெர்த்திலிருந்து தாட்சாயணி கேட்கிறாள்,
எப்படிக்கா இருக்கே?
நான் சொல்கிறேன், ஓகே.
ஓகே. ஓகே. ஓகே.
மாதாமாதம் அவள் அனுப்பும் வைட்டமின் புட்டிகள்
அலமாரியில் திறக்காமலே நிற்கின்றன.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
"ஆக, ஆடுவதுதான் ஆரோக்கியம்?"
ரோஸ்லான் பதறிப்போனார்.
"முன்னால இருக்கறது மட்டும்!
பின்னால இருக்கறது ஆடவே கூடாது,
ஆடிச்சுன்னா பெரிய செலவு."

இறங்கும் சரிவில் புளூடேக்கைப் பிய்த்தேன்.
விளக்கு அணைந்திருந்தது.
கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காய்
ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

ஞாயிறு. போன்.
எப்படிக்கா இருக்கே?

இரு, என்றேன்.