பதினேழாம் பக்கம்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.
படகுகள் எல்லாம் கயிற்றில் நின்று தலையாட்டுகின்றன.
ஐஸ் கேட்டு ஆள் வரவில்லை.
மண்டபம் வடக்குக் கரையில், கம்பெனிக்குள்
நானும் கம்ப்ரசரும்தான் விழித்திருக்கிறோம்.

நேற்றோடு முடிந்துபோனது
அறுநூற்றுச் சொச்சம் பக்கத்து நாவல்.
அதன் ஆட்கள் இன்னும் வீடு காலி செய்யவில்லை.
டீ ஆற்றும்போது குறுக்கே வருகிறார்கள்.
செத்துப்போன அந்த மாமனார்கூட
எண்பதாம் பக்கத்துக் கடனைப் பற்றியே
பேசிக்கொண்டிருக்கிறார்.
இவர்களை வைத்துக்கொண்டு
இன்னொரு குடும்பத்தை எப்படிக் கூட்டிவர?

கூட்டிவந்துதான் பார்த்தேன்.
முதலில் ஒரு கடல் நாவல்.
எழுதினவருக்கு ஒருநாளும் குமட்டியதில்லை போல.
மூன்று பக்கத்துக்கு ஒருதரம் அலை ஆர்ப்பரிக்கிறது.
கச்சான் மாதத்தில் எங்கள் வடகடல்
தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி கிடக்கும்.
அதற்கு ஒரு வரி இல்லை.

அடுத்தது, லாரி ஓட்டும் ரெமிஜியுஸ் தந்தது.
தரும்போதே சொல்லிவிட்டான்:
"தம்பிதான் கொன்னது. ஆனா படி, நல்லாருக்கும்."

மூன்றாவது, பரிசு வாங்கியது.
குறை சொல்ல மாட்டேன்.
அது என்னை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை,
அவ்வளவுதான்.

கிளை நூலகத்தில் பவுன்கொடி கேட்டார்,
"என்ன மாதிரி புத்தகம்தான் வேணும் உங்களுக்கு?"
செருப்புக் கடையில் கேட்பார்களே, அந்தக் குரலில்.
எனக்குத் தெரிந்த அளவுகளைச் சொன்னேன்.
முக்கால் மணிக்கு ஒருதரம் எழுந்துபோய்
அம்மோனியா முள் பார்த்துவருவேன்,
திரும்பும்வரை கோபிக்காமல் இருக்க வேண்டும்.
ஈர விரல் பட்டால் எழுத்து கரையக்கூடாது.
விடியக்காலம் மூன்று மணிக்கு
யாராவது ஒருத்தர் அதில்
சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நல்லது.
முக்கியமாக,
என் அறையைவிட அது குளிரக்கூடாது.

பவுன்கொடி எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
பைண்டிங்குக்குப் போகவேண்டிய கட்டிலிருந்து
ஒன்றை உருவி, தூசி தட்டாமலே நீட்டினார்.
அட்டை இல்லை. பேர் இல்லை. எழுதினவர் யாரென்று இல்லை.
பதினேழாம் பக்கத்தில் தொடங்குகிறது,
அதுவும் பாதி வாக்கியத்தில்:
"என்று சொல்லிவிட்டு, சாவியை அரிசிக்குள் தேடினாள்."

என்ன சொன்னாள்?
யாரிடம்?
சாவி எதற்கு அரிசிக்குள் கிடக்கிறது?

நின்றவாக்கில் நாலு பக்கம்.
சைக்கிள் ஸ்டாண்டில் சாய்ந்து இன்னும் ஆறு.

முன்பின் தெரியாத வீட்டுக்குள்
கொல்லைப்புறமாக நுழைந்தவன் நான்.
யாரும் யாரையும் அறிமுகம் செய்துவைக்கவில்லை.
எவர் தட்டை எவர் நகர்த்துகிறார் என்று பார்த்தே
உறவு கண்டுபிடித்துக்கொண்டேன்.
பழைய மாமனார் எப்போது கிளம்பினார், தெரியாது.
சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறார்.

மூன்றாம் இரவு முள் பார்க்க மறந்தேன்.
அவள் ஊரில் ஏழு மாதமாக மழை இல்லையே,
கால் மட்டும் எப்படி நனைகிறது
என்று குனிந்தால்,
கேன் வழிந்து தண்ணீர் செருப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது.

நேற்று பவுன்கொடி போன் செய்தார்.
அந்தப் பதினாறு பக்கமும் கிடைத்துவிட்டதாம்,
மாட்டு வைத்தியப் புத்தகத்துக்குள் செருகியிருந்ததாம்.
"வந்து வாங்கிக்கிறீங்களா?"
"வேணாம், டிராயர்லயே இருக்கட்டும்.
இதை முடிச்சிட்டு வர்றேன்.
அடுத்து என்னத்தைப் படிக்கிறதுன்னு
இந்த ஒரு தடவை தேடி அலைய வேண்டியதில்ல."

விடியும் முன்னே கூண்டை இறக்கிவிட்டார்கள்.
வாசலில் ரெமிஜியுஸின் ஹாரன்.
இருநூறு பார் வேண்டுமாம், உடனே.
இன்னும் முப்பது பக்கம் பாக்கி.
அவளோ இப்போதுதான்
சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள்.