பதினேழு துளைகள்

தார்த்து நகரில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் இருபத்தொன்று.
உள்ளே ஹெல்யே
இரவெல்லாம் அடுப்பில் கிடந்த குடுவைகளைச்
சூடாகவே எடுக்கிறாள்.
கண்ணாடியின் தோலில்
கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் ஒட்டியிருக்கும்.
அதையும் விரட்டியாக வேண்டும்.

நெஞ்சில் ஈரமில்லாதவன் என்றால் வசவு.
இங்கே ஒரு கரைப்பானுக்கு
அதுதான் நற்சான்றிதழ்.

மூன்று முறை வெற்றிடம், மூன்று முறை ஆர்கான்.
ஆர்கான் யாரோடும் ஒட்டாது,
கல்யாணத்துக்கு வந்து
மொய் எழுதி, சாப்பிட்டு,
பேசாமல் போகும் தூரத்து உறவு மாதிரி.
காவலுக்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது.
காத்துக் கருப்பு அண்டாமல்
குடுவையின் கழுத்துவரை நிற்கும்.

உர்மாஸின் வினை நான்காம் முறையும் தோற்றது.
"கை சரியில்லை" என்றார் பேராசிரியர்,
பெயர் சொல்லாமல், பெயர் புரியும்படி.
உர்மாஸ் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாலையில் எல்லோரும் போனபின்
ஹெல்யே குளிர்ப்பெட்டியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள்.
பியூட்டைல் லித்தியம். சீட்டில் ஒன்று புள்ளி ஆறு.
அடியில் மாவுபோல் வெள்ளை வண்டல்,
இத்தனை நாள் யாரும் கேட்காதது.

எடுக்கும் அளவு ஆர்கானை முதலில் உள்ளே கொடுக்க வேண்டும்.
கொடுக்காமல் எடுத்தால்
பாட்டில் அறைக் காற்றை உறிஞ்சும்,
பசித்த வாய் எதையும் தின்னும்.
ஊசி இறங்கியது, ஏறியது.
நுனியில் தங்கிய துளி
வெளியே வந்ததும் புகைந்தது,
சின்னதாய், வெள்ளையாய்.

அமிலத்தில் சொட்டுச் சொட்டாய்.
மஞ்சள் வந்தது, மறைந்தது, வந்தது,
நின்றது.
கணக்குப் போட்டாள்: பூஜ்யம் புள்ளி ஒன்பது.
நம்பாமல் இன்னொரு முறை.
பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்பது.

சீட்டு சொன்னதில் கிட்டத்தட்டப் பாதியைக்
காற்று குடித்துவிட்டிருந்தது.

ரப்பர் மூடியை விளக்கடியில் பிடித்துத்
துளைகளை எண்ணினாள். பதினேழு.
பதிவேட்டில், இன்றையதையும் சேர்த்து, பதினொரு வரி.
மிச்சம் ஆறு.

ஐந்து யாருடையவை என்று தெரியாது.
ஆறாவது தெரியும்.
நவம்பரில் ஓர் இரவு. தொலைபேசி.
வில்யாந்தி ஆஸ்பத்திரியிலிருந்து, தங்கையைப் பற்றி.
ஊசியை உருவிக்கொண்டு ஓடியது ஞாபகம் இருக்கிறது,
ஒரு கை மட்டும் நுழைந்த கோட்டு,
படியில் உறைந்த பனி.
அதற்கு முன் ஆர்கான் குழாயைத் திறந்தாளா?
அது மட்டும் எத்தனை யோசித்தாலும்
வரவில்லை.

பேனாவை எடுத்தாள்.
பன்னிரண்டாம் வரியில் நவம்பர் தேதி, தன் பெயர்.
அளவு என்ற கட்டத்தில்: மறந்துவிட்டது.
ஆர்கான் என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.

காலையில் பதிவேட்டை விரித்தபடியே
உர்மாஸின் மேசையில் வைத்தாள்.
அவன் படித்தான். ஒரு வரியை
ரொம்ப நேரம் படித்தான்.
பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்:
"தங்கை இப்போது எப்படி இருக்கிறாள்?"

அவனுக்குப் பின்னால் கையுறைப் பெட்டியின்
கறுப்பு ரப்பர்க் கைகள் இரண்டும்
உள்ளழுத்தத்தில் உப்பி
அறையை நோக்கி நீண்டிருந்தன.