பொறுப்பு ஷா ஆலாமில் முடிகிறது

பகாவ் பட்டணத்துக் கூரியர் கடையில்
சனிக்கிழமை பன்னிரண்டுக்கு ஷட்டர் இறங்கிவிடும்.
பதினொன்று ஐம்பதுக்கு உள்ளே நுழைகிறேன்,
கக்கத்தில் ஒரு கார்புரேட்டர்.

எழுபது சிசி கப்சாயுடையது.
செம்பனைத் தோட்டத்து மண்டோர் இருபது வருஷம் மிதித்து
கோழிக்கூண்டுக்குப் பின்னால் சாய்த்துவிட்ட மோட்டார்.
முழுசாக எண்பது வெள்ளிக்கு வாங்கி
உறுப்பு உறுப்பாக விற்கிறேன்.
கசாப்புக் கடைக்காரி என்கிறான் தம்பி தயாநிதி.
சொல்லட்டும். அவன் போன மாத மின்கட்டணம்
ஒரு பின்சக்கரம்.

வாங்குகிறவர் டைஸ்டோ, பின்லாந்தில் ஓலு.
மழையில் ஓடிய வண்டியா என்று கேட்டிருந்தார்.
இங்கே மழையில் ஓடாத வண்டி எது ஐயா.

அவர் திரையில் ஒரே தொகை:
விலை, விமானக் கூலி, அவர் நாட்டுச் சுங்கம், வரி,
எல்லாம் முன்கூட்டியே.
வாசலில் வந்து யாரும் கை நீட்டமாட்டார்கள்.
என் திரையில் தொண்ணூற்றைந்து வெள்ளி.
அவர் கட்டியது இருநூற்றுப் பன்னிரண்டு என்பதை
அவரே எழுதித்தான் அறிந்தேன்.
இடையிலுள்ள நூற்றுப் பதினேழுக்கு
எங்கள் இருவர் பேரும் தெரியாது.

சீட்டில் ஓலு இல்லை.
ஷா ஆலாம், மூன்றாம் கிடங்கு,
அப்புறம் பதினாறு இலக்கம்.
"இதோ இருக்கிற ஷா ஆலாம்தானே"
என்கிறாள் கவுண்டரில் ரோஸ்னி, தராசைப் பார்த்தபடி.

விற்பவர் பொறுப்பு கிடங்கு வாசலில் முடிகிறது.
முதல் தடவை அதைப் படித்தபோது
கடன் அடைந்த மாதிரி இருந்தது.
அங்கே பிரிப்பார்கள். முகர்வார்கள்.
பெட்ரோல் வாசனை இருந்தால் விமானம் ஏறாது;
அதற்காகவே பாத்திரச் சவர்க்காரத்தில் மூன்று முறை கொதிக்க வைத்தேன்
(மீன் சட்டியில். தம்பியிடம் சொல்லவில்லை).
நான் சுற்றிய ஞாயிறு நாளிதழைக் குப்பையில் போட்டு
வேறு பெட்டி, வேறு எண்,
சுங்கத்தாளில் எட்டு நான்கு பூஜ்ஜியம் ஒன்பது.

பன்னிரண்டு நாள் 'பரிசோதனையில்'.
பிறகு ஒரே நிமிடத்தில் இரண்டு கடிதம்.
எனக்கு: உங்கள் பணம் உங்களுக்கே.
அவருக்கு: உங்கள் பணம் உங்களுக்கே.
கிடங்கில் சேதமாம். யாருக்கும் நட்டமில்லையாம்.
பொருள் எங்கே என்று
இரண்டிலும் ஒரு வரி இல்லை.

டைஸ்டோ எழுதினார்:
பணம் வந்தது. பனி உருகிவிட்டது. வண்டி நிற்கிறது.
மன்னியுங்கள் என்று பதில் போட்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

ஜூனில், தூக்கம் வராத ஓர் இரவு,
ஷா ஆலாமில் யாரோ விற்கிறார்கள்:
உலோகப் பாகங்கள், கலவை, கிலோ பன்னிரண்டு வெள்ளி,
குறைந்தது இரண்டு கிலோ.
மூன்றாம் படம். இடது மூலை.
என் திருப்புளி வழுக்கிய கீறல்,
'ட' எழுத்துப் போல.
விரலால் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன்.

கதவுக் கீல்கள், பொம்மை ரயிலின் சக்கரம்,
எந்தப் பூட்டுக்கோ ஏழு சாவிகள்.
அவற்றுக்கு அடியில் அது.
உடைந்தது ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும்.
கம்பத்துக் கடையில் இரண்டு வெள்ளி.

இம்முறை நேராக அனுப்பட்டுமா என்று கேட்டேன்.
சுங்கக்காரர் உங்கள் வாசலில் கை நீட்டுவார்.
நீட்டட்டும், என்றார் டைஸ்டோ,
குலுக்குகிறேன்.

ரோஸ்னி தந்த பாரத்தில்
பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன்,
ஓலு, முதல் தடவையாக என் கையெழுத்தில்.
'மதிப்பு' என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது.
தொண்ணூற்றைந்தா,
இருபத்து நான்கும் கூரியர் கூலியுமா,
இரண்டா?

ரோஸ்னி ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்துவிட்டாள்.