வழுவமைதி

சனிக்கிழமை எட்டரை.
தமிழுக்கென்று வகுப்பறை கிடையாது.
பிறையின் இந்த இடைநிலைப்பள்ளியில்
அறிவியல் கூடத்தை இரவல் தருவார்கள்.
மூலையில் நிற்கும் எலும்புக்கூட்டுக்கு
யாரோ கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்கள்.

"என் கனவை நோக்கி" என்று
போன வாரம் பலகையில் எழுதிப்போட்டேன்.
வந்தவை பத்தொன்பது கட்டுரைகள்.
பதினான்கு பேர் மருத்துவர்.
பதினான்கு பேரும் ஏழைகளுக்கு இலவசமாக.
ஒரே வழிகாட்டி நூலின் நாற்பத்தாறாம் பக்கத்தில்
எல்லாரும் பட்டம் வாங்கியிருந்தார்கள்.
இதில் இருவர் போன மாதம்
தவளையை அறுக்க மாட்டேனென்று
இதே மேசையில் அழுதவர்கள்.

ஆவேன் வேண்டாம் என்றேன்.
இலட்சியம், சாதனை, அதெல்லாமும் வேண்டாம்.
இந்தச் செவ்வாய்க்கிழமை
அதற்காக என்ன செய்தாய்?
நடந்ததை எழுது. இறந்தகாலத்தில்.

விசிறி சுற்றியது.
"தூங்குனத எழுதலாமா டீச்சர்?
கனவுதானே?"
சிரித்தோம்.
என்னிடமும் வேறு பதில் இல்லை.

யுகேந்திரன் எழுதினான்:
இரவு தம்பியின் தலையில் முடிவெட்டப் பழகினேன்.
இடப்பக்கம் நன்றாக வந்தது.
வலப்பக்கம் காதுக்கு மேலே ஏறிவிட்டது.
சரிசெய்யப்போய் இடப்பக்கமும் போனது.
அம்மா அடித்தார். தம்பி அழவில்லை,
தொப்பிக்குக் காசு கேட்டான்.

ஜனனிஸ்ரீயின் தாளில் மூன்றே வரி:
செவ்வாய் அம்மாவுக்கு ஓவர்டைம்.
தம்பிகளைப் பார்த்துக்கொண்டேன்.
புதனும்.
இதற்கு எத்தனை மதிப்பெண் என்று
அட்டவணையில் மேலிருந்து கீழாகத் தேடினேன்.
பிறகு கீழிருந்து மேலாக.

லோஷினி இரண்டு பக்கம்.
காலை மணி ஏழு. கிரேனில் ஏறினேன்.
நூற்று எழுபத்திரண்டு படிகள்.
மேலே போனதும் கால் நடுங்கியது, கை நடுங்கவில்லை.
ஃபெரி சோப்புப் பெட்டி அளவுக்குத் தெரிந்தது.
முதல் கன்டெய்னர் நீலம்.
காற்று அதிகம், மூன்று முறை தவறி
நான்காம் முறை லோரியில் இறக்கினேன்.

அவளுக்குப் பதினாறு வயது.
பட்டர்வொர்த் துறைமுக வாசலில்
அம்மா நாசி லெமாக் விற்கிறார்.
வேலிக்கு அந்தப்பக்கம் அவள் போனதே இல்லை.
ஏறினேன், இறக்கினேன், இரண்டையும் வட்டமிட்டு
கால வழு என்று சிவப்பில் எழுதினேன்.
நடந்ததைத்தானே கேட்டேன் என்றேன்.

"நடந்ததுதான் டீச்சர்.
தேதிதான் இன்னும் வரல."

அப்போ படிக்கட்டுக் கணக்கு?
"அது நெசம். பொட்டலம் வாங்க வந்த
கிரேன் அண்ணன்கிட்ட கேட்டேன்."
எப்போ?
"செவ்வாக்கெழம."

தாள்களோடு வீட்டுக்கு வந்தேன்.
நீச்சல் கற்றுக்கொள்வேன்:
பதினோரு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்,
தினமும் கடலைப் பார்த்துக்கொண்டு.
எழுவாய், பயனிலை, எதிர்காலம்.
ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆறு மணிக்குத் தோழியின் அழைப்பு.
ஃபெரித்துறையில் காத்திருக்கிறாள்.
"எங்கடி இருக்க?"
"இதோ வந்துட்டேன்" என்றேன்,
ஒரு காலில் செருப்போடு,
மறு செருப்பைக் கட்டிலடியில் துழாவிக்கொண்டு.

வந்துட்டேன்.

அவள் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.
நான் மேசைக்குத் திரும்பியிருந்தேன்.
வாராதவர் வந்தேன் என்பதை
இலக்கணம் எப்போதோ மன்னித்துவிட்டது.
விரைவு பற்றி வரலாம், தெளிவு பற்றி வரலாம்.
படிவம் நான்குக்கு ஆண்டுதோறும்
நான்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

சிவப்பு மை அழியாது.
வட்டத்தின் பக்கத்தில் சின்னதாக எழுதினேன்:
வழுவமைதி.
விரைவா தெளிவா, பிடிபடவில்லை.
இரண்டையும் எழுதிவைத்தேன்.

கிரேனுக்கு எல்லா இடத்திலும்
மூன்றுசுழி ண் போட்டிருந்தாள்.
அதற்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.