குடிசன மதிப்பீடு

ஒன்று போதும் என்றுதான் கேட்டேன்.
தெகிவளை மேம்பாலத்தடியில் மீன் விற்கும் பியல்
வலையை வாளி விளிம்பில் தட்டிக்கொண்டு
தலையாட்டினான்.
இந்தச் சாதி மீன் தனிய விக்கிறேல்லை மிஸ்.
ஆறுக்குக் குறைஞ்சால்
பயத்தில நிறம் விட்டுப்போகும்.

ஆறு வாங்கினேன்.
போனஸ் வந்த மாதம் இன்னும் ஐந்தோ ஆறோ.

ஹல்மல் தண்டியா என்று பெயர்.
ஹல் மரத்துப் பூவின் நிறமாம்.
மரத்தையும் கண்டதில்லை நான், பூவையும்.
மழைக்காட்டு நிழலோடை ஒன்று
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
இரண்டடிக் கண்ணாடிக்குள்
எப்படி இருக்கவேண்டும் என்று
யாரைப் போய்க் கேட்பது?
குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வைத்தேன்,
குளோரின் மணம் போக.
காலி வீதியில் பொறுக்கிய
வாதுமைச் சருகு இரண்டைப் போட்டேன்.
தண்ணீர் பிளேன்டீ நிறத்துக்கு வந்தது.
மீன்களுக்குச் சிவப்பு வந்தது.

கரையோர ரயில் போகையில்
அலுமாரிக் கதவு கிலுங்கும், தொட்டி அதிரும்.
ஒரு வால் திரும்பும் நேரத்தில்
அத்தனையும் திரும்பி முடிந்திருக்கும்.
யார் முதலில் திரும்பியது?
இரண்டு வருடமாகப் பார்க்கிறேன்,
பிடிபடவில்லை.

மழைக்குள் குடையோடு வந்தாள் கணக்கெடுக்கும் பெண்.
கழுத்து அட்டையில் இஷாரா என்றிருந்தது.
வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

முன்பு எண்ண வந்தவர்கள்
சப்பாத்துக் கழற்றவில்லை.
கட்டிலுக்கடியிலும் டோர்ச் அடித்து எண்ணினார்கள்.

இவள் ஈரக்காலைக் கால்மிதியில் துடைத்துவிட்டு
பாடமாக்கிய தமிழில் கேட்டாள்:
வீட்டில் எத்தனை பேர்?

ஒன்று.

விரல் திரைமேல் கொஞ்சம் நின்றது.
பிறகு தொட்டியைக் கண்டுவிட்டாள்.
இதில எத்தனை?
பதினொன்று, இல்லை, பன்னிரண்டு.
டெப்லெட்டைக் கதிரையில் கவிழ்த்துவிட்டு
குந்தியிருந்து எண்ணத் தொடங்கினாள்.
ஏழில் குலைந்தது. திரும்பவும் ஒன்று.
ஒன்பதில் எல்லாமாய்ப்
பாசிக்குப் பின்னால் போய்விட்டன.
எகய், தெகய், துனய் என்று
அவள் சிங்களத்துக்கு மாறினாள்.
நான் மற்றப் பக்கக் கண்ணாடியிலிருந்து தமிழில்.
இரண்டு மொழியும் பத்தைத் தாண்டவில்லை.

தேத்தண்ணி வேண்டாம் என்றாள், பிறகு குடித்தாள்.
மேலே இன்னும் நாலு மாடி இருந்தது அவளுக்கு.
கதவில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி
உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டுப் போனாள்.

பின்னேரம் தீன் தூவக் குனிந்தபோது
வேரடியிலிருந்து வெளியே வந்தது
ஒரு நகத்துண்டு அளவில்,
இன்னும் நிறம் வராமல்,
நான் வாங்காத ஒன்று.
ரயில் போனது.
எல்லாம் திரும்பின.
அது மட்டும்
கொஞ்சம் பிந்தி.