ஒன்பதாம் இலக்க ட்ராம்

கார்த்திகை மழை.
விக்டோரியாபிளாட்ஸ் வளைவில்
தண்டவாளத்துக்குள் ஒரு சிவப்புக் குடை வந்தது.
குடைக்குக் கீழே ஒரு பையன்.
நிறுத்திவிட்டேன். ஒரு முழம் மிச்சம்.
யாருடைய பையிலிருந்தோ உருளைக்கிழங்குகள்
முன்னே ஓடிவந்து என் கதவில் மோதின.
'எக்ஸ்க்யூசி' என்றான் பையன். போய்விட்டான்.

யாருக்கும் ஒன்றுமில்லை என்று
அறிக்கையில் நானே எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.
எனக்குச் சிவந்ததெல்லாம்.
தபால்பெட்டி, தக்காளிக்கூடை, கொடி,
எது அசைந்தாலும்
நான் நினைக்கும் முன்பே
இடது கை பிடியைப் பின்னுக்கு இழுத்தது.
பெர்ன் நகரத்துக் கிழவிகள் கம்பியைப் பற்றிக்கொண்டு
என் முதுகை முறைத்தார்கள்.

டாக்டர் ஏபிக்குப் படம் வரையத் தெரியாது.
மூளை என்று அவர் கீறியது முந்திரிப்பழம் போலிருந்தது.
உள்ளே பாதாம் பருப்பளவு ஒரு புள்ளி:
'கத்துவது இது.'
நீங்கள் பொட்டு வைக்கும் இடத்துக்கு
நேர் பின்னால் என்று
பேனாவால் தன் நெற்றியையே தொட்டார்:
'போதும், விடு, என்பது இது.'
அவருக்கும் ஒரு நீலப் பொட்டு விழுந்தது.

நெற்றியில் எழுதினது அழியாது
என்பார்கள் எங்கள் ஆட்கள், என்றேன்.
'அழியாதுதான்.
பக்கத்தில் இன்னொன்று எழுதலாம்.'

பணிமனையில், நிற்கும் ட்ராமுக்கு முன்னால்
சக ஓட்டுநர் உர்ஸ்
மிக்ரோஸில் வாங்கிய சிவப்புக் குடையை
விரித்தான். மடக்கினான். விரித்தான்.
ஒன்றும் நடக்கவில்லை.
மறுபடி ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததைப் படித்து முடிக்க
பதினொரு கிழமை பிடித்தது.
நாற்பத்தோராவது விரிப்பில்
கை மடியிலேயே கிடந்தது,
தூங்கும் பூனை மாதிரி.
உர்ஸ் குடையைச் சுழற்றி ஒரு ஆட்டம் போட்டான்.

இப்போது வளைவில் மணியடித்துத் திரும்புகிறேன்.
குடைகள் குடைகளாகப் போகின்றன.

ஆனால் ஆடியில், தூன் ஏரியில்,
படகின் மேல்தட்டில்
எதிர் வாங்கில் ஒருத்தி சிவப்புக் குடை விரித்தாள்.
இடது கை
பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத மனிதரின்
கோட்டைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தது.
அவருடைய ஐஸ்கிரீம் தண்ணீருக்குள்.

எக்ஸ்க்யூசி, என்றேன்.

பெர்னில் படித்தது பெர்னிலேயே நின்றுவிட்டது போலும்.
பொட்டுக்குப் பின்னால் இருப்பவளுக்கு
இந்த ஊரையும் காட்ட வேண்டும்:
இது ஏரி. இங்கே தண்டவாளம் இல்லை.
அந்தக் குடை
வெயிலுக்குப் பிடித்தது.